கழுத்தில் நெறிக்கட்டு: ஊசிச் சோதனையை மட்டும் நம்பி மருந்து தொடங்கலாமா?

தங்கைக்காக எழுதுபவர்

அனைவருக்கும் வணக்கம். என் தங்கைக்கு 27 வயது. ஏழு வாரங்களுக்கு முன் அவளுக்குக் கழுத்தின் இடப்பக்கத்தில், காதுக்குப் பின்னாலிருந்து தோளுக்கு இறங்கும் பகுதியில், நெறி கட்டியது. முதலில் ஒன்றுதான் இருந்தது; இப்போது விரலால் தடவினால் நான்கைந்து கணுக்கள் வரிசையாகத் தட்டுப்படுகின்றன. அழுத்தினால் வலிக்கிறது. மாலை நேரங்களில் காய்ச்சல் வந்து போகிறது. எடை இரண்டு கிலோ இறங்கியிருக்கிறது. இரத்தத்தில் வெள்ளணுக்கள் 3,200, அழற்சியைக் காட்டும் இ.எஸ்.ஆர். 58. மார்பு எக்ஸ்ரேயில் குறை எதுவும் இல்லை.

ஊசி குத்தி உறிஞ்சி எடுத்துப் பார்த்ததில், ‘நசிந்த திசு காணப்படுகிறது, காசநோய்க் கிருமி தென்படவில்லை, எனினும் காசநோயாக இருக்க வாய்ப்புண்டு’ என்று அறிக்கை வந்தது. அதை வைத்து ஒரு மருத்துவர் ஆறு மாதக் காசநோய் மருந்தை உடனே தொடங்கலாம் என்கிறார். இன்னொருவர் பத்து நாள் ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்து, கட்டி கரைகிறதா என்று பார்க்கலாம் என்கிறார். இரண்டில் எதைச் செய்வது என்று வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. இணையத்தில் தேடினால் நிணநீர்ப் புற்றுநோயான லிம்ஃபோமா என்ற சொல்தான் முதலில் வந்து நிற்கிறது. விவரம் அறிந்தவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

கழுத்து அறுவை மருத்துவர்

தங்கையை நேரில் பார்க்காமல் நோயின் பெயரைச் சொல்ல மாட்டேன்; ஆனால் அடுத்த படி எது என்பதைத் தயக்கமின்றிச் சொல்லலாம். இரண்டு மருந்துகளையும் இப்போது தொடங்காதீர்கள். ஒரு கணுவை முழுதாக எடுத்துத் திசு ஆய்வுக்கு அனுப்பச் சொல்லுங்கள்.

ஊசியால் உறிஞ்சும்போது கிடைப்பவை சிதறிய உயிரணுக்கள் மட்டுமே. பரவிய புற்றுநோயைக் கண்டுபிடிக்கவும், சீழை எடுத்துக் கிருமி தேடவும் அது நல்ல கருவி. கணுவின் உள்ளமைப்பு எப்படிக் குலைந்திருக்கிறது என்று பார்த்தே பெயர் சொல்ல வேண்டிய நோய்களில் அது போதவே போதாது. கழுத்தில் வரும் அரிய நிணநீர்ப் பெருக்க நோய்கள் ஏறக்குறைய எல்லாமே அந்த வகையைச் சேர்ந்தவை. தடித்த ஊசியால் நீளத் துணுக்காக எடுக்கும் முறை அதைவிட மேலானது என்றாலும், கைக்கு எட்டும் இடத்தில் கணு இருக்கும்போது முழுக் கணுவை எடுப்பதே சரி என்பது என் உறுதியான கருத்து.

ஸ்டீராய்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். லிம்ஃபோமா அணுக்களை ஸ்டீராய்டு நேரடியாகக் கொல்லக்கூடியது. சில நாள் மாத்திரையிலேயே கட்டி சுருங்கிவிடும், வீட்டார் மகிழ்வார்கள், பிறகு எடுக்கும் திசுவில் செத்த அணுக்களைத் தவிர வேறொன்றும் இருக்காது. சில வாரங்கள் கழித்துக் கட்டி மீண்டும் வரும், அப்போது நோய் முற்றியிருக்கும். மூச்சுக்குழல் அழுந்தி மூச்சுத் திணறும் நிலை போன்ற அவசரம் இருந்தாலன்றி, திசு எடுக்கும் முன் ஸ்டீராய்டு கூடாது.

நோய்க்குறியியல் மருத்துவர்

மேலே சொன்னதை ஆய்வகத்தின் பக்கத்திலிருந்து வழிமொழிகிறேன். ‘நசிந்த திசு’ என்ற சொல்லைக் கண்டதும் காசநோய் என்று எழுதுவது, அந்நோய் மிகுந்த நாடுகளில் எங்கள் துறையினருக்குக் கை பழகிய வழக்கமாகிவிட்டது. காசநோயில் நசிவைச் சுற்றி எபிதீலியாய்டு எனும் பாதுகாப்பணுக்கள் கூடிக் கிரானுலோமா எனும் முடிச்சை அமைக்கும். அந்த அறிக்கையில் கிரானுலோமா என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், இளம் பெண், கழுத்தின் பின்பகுதி, வலியுள்ள கணுக்கள், காய்ச்சல், குறைந்த வெள்ளணுக்கள் ஆகிய ஐந்தும் சேர்ந்து வரும்போது என் மனம் முதலில் கிக்குச்சி–ஃபுஜிமோட்டோ நோயைத்தான் நினைக்கும். 1972-இல் ஜப்பானில் கிக்குச்சியும் ஃபுஜிமோட்டோவும் தனித்தனியே விவரித்த நோய் அது. தானாகவே அடங்கிவிடும், பெரும்பாலும் ஒன்றிலிருந்து நான்கு மாதங்களில். இது அனுமானம் மட்டுமே. திசுவைப் பார்க்காமல் இதை நம்பி எதையும் செய்யக் கூடாது. லிம்ஃபோமாவும், எதிர்ப்பாற்றல் உடலையே தாக்கும் லூபஸும் இதே வேடத்தில் வரும்.

அறுவைக்கு முன் ஆய்வகத்துடன் பேசச் சொல்லுங்கள். கணுவை எடுத்தவுடன் மொத்தமாக, திசு கெடாமல் காக்கும் ஃபார்மலினில் போட்டுவிட்டால் கிருமி வளர்ப்புச் சோதனைக்கு வழியில்லாமல் போகும். ஃபார்மலினில் கிருமி உயிரோடிருக்காது. அணுக்களை வகை பிரித்து எண்ணும் ஃப்ளோ சைட்டோமெட்ரிக்கும் உயிருள்ள அணுக்கள் வேண்டும். உப்பு நீரில் நனைத்த துணியில் சுற்றி, உடனே ஆய்வகத்துக்குக் கொண்டு வந்தால், நாங்கள் அதைக் குறுக்காக வெட்டி, ஒரு துண்டைக் காசநோய் வளர்ப்புக்கும் கிருமியின் மரபணுவைத் தேடும் ஜீன்எக்ஸ்பர்ட் சோதனைக்கும், ஒரு துண்டை ஃப்ளோவுக்கும், மிச்சத்தை ஃபார்மலினுக்கும் என்று பிரித்துக்கொள்வோம். ஒரே கணு, ஒரே அறுவை. இந்தப் பத்து நிமிட ஏற்பாடு இல்லாததால் இரண்டாம் முறை வெட்ட நேர்ந்தவர்களை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

தங்கைக்காக எழுதுபவர்

இருவருக்கும் நன்றி. அறிக்கையை மீண்டும் படித்தேன். கிரானுலோமா என்ற சொல் இல்லை. கழுத்தில் கத்தி வைப்பதற்கு அம்மா மிகவும் அஞ்சுகிறார். நரம்பு அறுந்து கை தூக்க முடியாமல் போகும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அது உண்மையா?

கழுத்து அறுவை மருத்துவர்

அம்மாவின் அச்சத்துக்குக் காரணம் இருக்கிறது. கழுத்தின் பின் முக்கோணத்தில் தோளை உயர்த்தும் தசைக்குப் போகும் துணை நரம்பு, தோலுக்கு வெகு அருகில், கொழுப்புக்குள் மெல்லிய நூலாக ஓடுகிறது; அதை ஒட்டியே கணுக்கள் இருக்கும். ‘சிறிய கட்டிதானே’ என்று அவசரமாகக் கை வைக்கும்போதுதான் அது அறுபடுகிறது. அறுந்தால் தோள் சரியும், கையைப் பக்கவாட்டில் தோளுக்கு மேல் உயர்த்த முடியாது, வலி நீடிக்கும். ஆகவே கழுத்து அறுவையில் பழக்கமுள்ளவரிடம் செல்லுங்கள். எந்தக் கணுவை எடுப்பது என்று அல்ட்ராசவுண்டு பார்த்து முன்பே முடிவு செய்யச் சொல்லுங்கள். உள்ளே கொழுப்புத் தண்டு தெரியாத, உருண்டுபோன கணுவைத் தேர்வது முறை. அந்த முக்கோணத்துக்கு வெளியே அப்படி ஒன்று இருந்தால் இன்னும் நல்லது.

எடுக்கும் விதமும் முக்கியம். இடுக்கியால் கணுவையே பிடித்து நசுக்கக் கூடாது. சுற்றியுள்ள திசுவைப் பிடித்து, உறை கிழியாமல், மின்சூடு படாமல் எடுக்க வேண்டும். நசுங்கிய கணுவில் அணுக்கள் கரிக்கோடு இழுத்தது போலாகிவிடும், அதை வைத்து எவராலும் எதுவும் சொல்ல முடியாது.

காசில்மேன் நோயாளி

இந்த இழையைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. எனக்கு 41 வயது. ஐந்தாண்டுகளுக்கு முன், தாடைக்குக் கீழே வலப்பக்கம் வலியே இல்லாத ஒரு கட்டி. ஊசிச் சோதனை இரண்டு முறை செய்தார்கள். இரண்டு முறையும் ‘எதிர்வினைக் கணு’ என்றே வந்தது. அதாவது பயப்பட ஒன்றுமில்லை என்று பொருள் கொண்டு ஒன்றரை ஆண்டு சும்மா இருந்தேன். கட்டி நான்கு செ.மீ. ஆன பின், மருந்து செலுத்தி எடுத்த சி.டி. ஸ்கேனில் அது பளீரென்று ஒளிர்ந்ததால், கழுத்துத் தமனி பிரியுமிடத்தில் வரும் பாராகேங்லியோமா என்ற, இரத்தக்குழல் மிகுந்த கட்டியாக இருக்கும் என்று சொல்லிவிட்டார்கள். அறுவையில் எதிர்பாராத அளவு இரத்தம் போயிற்று என்று பிறகு தெரிந்துகொண்டேன். முதல் திசு அறிக்கையும் ‘எதிர்வினைப் பெருக்கம்’ என்றே வந்தது.

வேறு ஒரு மருத்துவரின் வற்புறுத்தலால் என் திசுவைப் பதித்து வைத்திருந்த மெழுகுக் கட்டியை வாங்கி மற்றோர் ஆய்வகத்துக்கு அனுப்பினேன். அங்கேதான் ‘ஒற்றை இடக் காசில்மேன் நோய், ஹயலின்–இரத்தக்குழல் வகை’ என்று வந்தது; நிணக்கணு அளவுமீறிப் பெருகும் அரிய நோய் அது. கட்டி முழுதாக எடுக்கப்பட்டிருந்ததால் வேறு சிகிச்சை தேவைப்படவில்லை. ஒன்றரை ஆண்டு எனக்கு வீணாயிற்று. ஆனாலும் கட்டி ஓரிடத்தோடு நின்றதால் தப்பினேன்.

நோய்க்குறியியல் மருத்துவர்

இவருக்கு நேர்ந்ததை நான் விளக்க முடியும். பெஞ்சமின் காசில்மேன் 1950-களில் பாஸ்டனில் விவரித்தவை மார்புக் கூட்டின் நடுவே இருந்த கட்டிகள். ஆனால் கழுத்திலும் இது வரும். கண்ணாடித் தகட்டில், நிணவணுக்கள் திரண்ட நுண்ணறையின் நடுவே உள்ள வளர்மையம் சுருங்கிப்போய், அதைச் சுற்றிச் சிறு நிணவணுக்கள் வெங்காயத் தோல் போல் அடுக்கடுக்காக நிற்கும். ஒரு தடித்த இரத்தக்குழல் பக்கத்திலிருந்து நேராக மையத்துக்குள் குத்தி நிற்பது குச்சி மிட்டாயைப் போலத் தெரியும். இவை எல்லாம் அமைப்பு. ஊசியில் அமைப்பு வராது. வருவது கலந்து கிடக்கும் சாதாரண நிணவணுக்கள் மட்டுமே. ஆகவே ‘எதிர்வினைக் கணு’ என்ற ஊசி அறிக்கை பொய்யன்று. கேட்ட கேள்விக்கு அதனால் பதில் தர முடியவில்லை, அவ்வளவுதான். கட்டி குறையாமல் நான்கு முதல் ஆறு வாரம் கடந்தால் அந்த அறிக்கையோடு நின்றுவிடக் கூடாது.

குருதியியல் மருத்துவர்

காசில்மேன் என்ற ஒரே பெயருக்குள் மிகவும் வேறுபட்ட நோய்கள் இருக்கின்றன. பெயரைக் கேட்டவுடன் இணையத்தில் படித்து அஞ்சுகிறவர்களுக்காக இதைச் சற்று விரித்து எழுதுகிறேன்.

ஒற்றை இட நோயில் கத்தியே மருந்து. முழுதாக எடுத்துவிட்டால் மிகப் பெரும்பாலோர் குணமடைகிறார்கள். அரிதாகத் தோலிலும் வாயிலும் கொப்புளங்களாக வரும் பாரானியோபிளாஸ்டிக் பெம்ஃபிகஸ் இதனோடு சேர்ந்து வருவதுண்டு. நுரையீரலையும் அது கெடுக்கும் என்பதால் வாய்ப்புண் ஆறாமல் இருந்தால் மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். எடுக்க முடியாத இடத்தில் கட்டி இருந்து தொல்லையும் இல்லையென்றால் கவனித்து வரலாம். தொல்லை இருந்தால் இரத்தக்குழலை அடைத்துச் சுருக்குவது, கதிர்வீச்சு, மருந்துகள் என்று வழிகள் உள்ளன.

பல இட நோய் வேறு உலகம். கழுத்தில் மட்டுமன்றி அக்குள், வயிறு, தொடைச் சந்து என்று கணுக்கள் வீங்கும். காய்ச்சல், இரவு வியர்வை, இரத்தசோகை, உடலில் நீர் கோத்தல், இரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. உயர்தல், ஆல்புமின் புரதம் குறைதல் ஆகியவை வரும். இவற்றின் பின்னால் பெரும்பாலும் இன்டர்லூகின்-6 என்ற புரதத்தின் மிகை இருக்கிறது. முதலில் கேட்க வேண்டிய கேள்வி, ஹெர்பீஸ் வகையைச் சேர்ந்த எச்.எச்.வி-8 வைரஸ் இருக்கிறதா என்பது. திசுவில் அதற்கான சாயம் போட வேண்டும், எச்.ஐ.வி. சோதனையும் செய்ய வேண்டும். அந்த வைரஸ் இருந்தால், பி-நிணவணுக்களை அழிக்கும் ரிடுக்சிமேப் மருந்தே சிகிச்சையின் அடித்தளம், எச்.ஐ.வி. இருந்தால் அதற்கான மருந்தும் சேரும்.

வைரஸ் இல்லாத, காரணம் தெரியாத வகைக்கு 2017-இல் உலக அளவில் ஒப்புக்கொண்ட அளவுகோல் வந்தது. திசுவில் உரிய தோற்றம், இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட இடங்களில் கணு வீக்கம் ஆகிய இரண்டும் இருக்க வேண்டும். 11 துணை அடையாளங்களில் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும், அவற்றில் ஒன்றேனும் ஆய்வகச் சோதனையாக இருக்க வேண்டும். அதே தோற்றத்தைத் தரக்கூடிய தொற்று, தன்னெதிர்ப்பு நோய், லிம்ஃபோமா ஆகியவற்றை விலக்கியிருக்க வேண்டும். இந்தக் கடைசி நிபந்தனைதான் நடைமுறையில் அடிக்கடி மறக்கப்படுகிறது. லூபஸிலும் முடக்குவாதத்திலும் கணு காசில்மேனைப் போலவே தோன்றும்.

சிகிச்சையில் முதலிடம், இன்டர்லூகின்-6-ஐ முடக்கும் சில்டுக்சிமேபுக்கு. உடல் எடையில் கிலோவுக்கு 11 மி.கி. வீதம், மூன்று வாரங்களுக்கு ஒருமுறை நரம்பு வழியாக ஏற்றப்படுகிறது. 2014-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற இம்மருந்தின் ஆய்வில் 79 பேர் பங்கேற்றனர். மருந்து பெற்றவர்களில் 34 விழுக்காட்டினருக்குக் கட்டியும் அறிகுறிகளும் நீடித்துக் குறைந்தன, வெற்று மருந்து பெற்றவர்களில் ஒருவருக்கும் குறையவில்லை. மூன்றில் ஒரு பங்கு என்பது எல்லாருக்கும் போதாது. ஆகவே பலன் தராதவர்களுக்கு அடுத்த வழி என்ன என்பதை முன்பே யோசித்து வைக்கிறோம். இன்டர்லூகின்-6 ஏற்பியை அடைக்கும் டோசிலிசுமேபை ஜப்பானில் 2005 முதல் பயன்படுத்துகிறார்கள். இம்மருந்துகள் சி.ஆர்.பி.யை அமுக்கிவிடும் என்பதால், நோயாளிக்குத் தொற்று வந்தாலும் அந்த எண் உயராமல் இருக்கக்கூடும். காய்ச்சலை ஒருபோதும் அலட்சியம் செய்யக் கூடாது.

டேவிட் ஃபாய்கன்பாம் என்ற அமெரிக்க மருத்துவர் இந்நோயால் பலமுறை சாவின் விளிம்புக்குச் சென்று, தன் சொந்த இரத்த மாதிரிகளை ஆராய்ந்து, உறுப்பு மாற்றத்தில் பயன்படும் சிரோலிமஸை 2014-இல் தமக்கே தொடங்கினார்; அன்று முதல் அவருக்கு நோய் அடங்கியிருக்கிறது. ஒவ்வொருவருக்கும் அது பலிக்கும் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. திசுவையும் இரத்தத்தையும் சேமித்து வைத்திருந்ததால்தான் அந்த ஆராய்ச்சி முடிந்தது என்பதற்காகச் சொல்கிறேன்.

கிமுரா சிறுவனின் தாய்

என் மகனுக்கு 17 வயது. காதுக்குக் கீழே இரண்டு ஆண்டுகளாக வீக்கம்; மேலே தோல் அரிக்கும். கன்னச் சுரப்பிக் கட்டி என்று எடுத்தார்கள். ஓராண்டில் அதே இடத்தில் மீண்டும் வந்தது. இரண்டாம் முறை திசு ஆய்வில் கிமுரா நோய் என்றார்கள். இரத்தத்தில் ஒவ்வாமையில் உயரும் ஈசினோஃபில் வெள்ளணுக்கள் 22 விழுக்காடு; ஒவ்வாமைப் புரதமான ஐஜிஇ மிக அதிகம். இது புற்றுநோயாக மாறுமா என்று அறிய விரும்புகிறேன்.

நோய்க்குறியியல் மருத்துவர்

அம்மா, கிமுரா புற்றுநோயாக மாறும் நோயன்று. சீனாவில் 1937-இலும் ஜப்பானில் 1948-இலும் விவரிக்கப்பட்ட இந்நோய் ஆசிய இளைஞர்களிடம் அதிகம் காணப்படுகிறது. காதைச் சுற்றியும் தாடையைச் சுற்றியும்தான் விரும்பி வரும். கணுவின் வளர்மையங்கள் கெடாமல் இருக்க, அவற்றுக்குள்ளும் வெளியிலும் ஈசினோஃபில்கள் குவிந்து கிடக்கும். மீண்டும் மீண்டும் வருவது இதன் இயல்பு. முதல் மருத்துவர் சரியாக எடுக்கவில்லை என்று நினைத்து வருந்த வேண்டாம். குடற்புழுவும் சில மருந்துகளும் சிலவகை லிம்ஃபோமாவும் ஈசினோஃபிலை உயர்த்தும் என்பதால் அவற்றை விலக்கியிருக்கிறார்களா என்று மட்டும் கேளுங்கள்.

குருதியியல் மருத்துவர்

ஒன்றைச் சேர்த்துச் சொல்கிறேன்: மகனின் சிறுநீரில் புரதம் போகிறதா என்று இதுவரை பார்க்கவில்லையென்றால் இந்த வாரமே பாருங்கள். கிமுரா நோயாளிகளில் ஒரு பகுதியினருக்குச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டு, புரதம் மிகுதியாக வெளியேறும் நெஃப்ரோடிக் நிலை வரும். முகமும் காலும் வீங்கும்வரை தெரியாது. சிகிச்சையில் ஸ்டீராய்டு வேகமாகச் சுருக்கும், குறைக்கும்போது கட்டி திரும்பும். குறைந்த அளவுக் கதிர்வீச்சு பெரியவர்களுக்கு நன்றாகவே வேலை செய்கிறது. 17 வயதில் நான் அதைக் கடைசியாகத்தான் யோசிப்பேன்.

தங்கைக்காக எழுதுபவர்

பதினெட்டு நாள் கழித்து எழுதுகிறேன். கழுத்து அறுவையில் தேர்ந்த ஒருவரிடம் சென்றோம். கணுவை முழுதாக எடுத்தார். தங்கை மறுநாளே கையைத் தலைக்கு மேல் தூக்கி அம்மாவிடம் காட்டினாள். ஆய்வகத்துக்குத் துணியில் சுற்றிய கணுவை நானே எடுத்துச் சென்றேன். ஜீன்எக்ஸ்பர்ட்டில் காசநோய் இல்லை. அறிக்கையில், ‘நடுப்புறணியில் திட்டுத் திட்டாக நசிவு, நொறுங்கிய அணுக்கருத் துகள்கள், பிறை வடிவ ஹிஸ்டியோசைட்டுகள், நியூட்ரோஃபில் இல்லை, சி.டி. 68, மையலோபெராக்சிடேஸ் சாயங்கள் நேர்மறை. கிக்குச்சி–ஃபுஜிமோட்டோ நோயுடன் பொருந்துகிறது’ என்று எழுதியிருக்கிறார்கள். இனி நாங்கள் என்ன செய்ய வேண்டும்?

நோய்க்குறியியல் மருத்துவர்

நல்ல அறிக்கை. ‘நியூட்ரோஃபில் இல்லை’ என்று அவர் குறிப்பிட்டிருப்பதைப் பார்த்து மகிழ்ந்தேன். இவ்வளவு நசிவும் தூளும் இருக்கும் இடத்தில் சீழணுக்கள் ஓடி வந்திருக்க வேண்டும்; அவை வராமலிருப்பதே இந்நோயின் முத்திரை. இதே திசுவில் பெருத்த டி-நிணவணுக்கள் நிறைய இருக்கும். அவற்றை மட்டும் பார்த்து லிம்ஃபோமா என்று எழுதி, தேவையில்லாத கீமோவுக்கு ஆளானவர்கள் மருத்துவ வரலாற்றில் உண்டு. லூபஸ் நிணக்கணு இதிலிருந்து பிரித்தறியக் கடினமானது என்பதால், லூபஸைத் தேடும் ஏ.என்.ஏ. இரத்தச் சோதனை அவசியம்.

குருதியியல் மருத்துவர்

சிகிச்சை எளிது: காய்ச்சலுக்கும் வலிக்கும் மாத்திரை, பொறுமை. காய்ச்சல் வாரக்கணக்கில் விடாமல் வாட்டினால் மட்டும் இப்போது ஸ்டீராய்டையோ ஹைட்ராக்சிகுளோரோகுவினையோ யோசிக்கலாம். திசு கையில் இருப்பதால் அதே மருந்து இப்போது ஆபத்தில்லை. சிறு பங்கினருக்கு மீண்டும் வரும். லூபஸ் இந்நோய்க்கு முன்போ, கூடவோ, ஆண்டுகள் கழித்தோ வரலாம்; மூட்டு வலி, வெயிலில் முகச் சிவப்பு, முடி உதிர்தல், நுரைத்த சிறுநீர் ஆகியவை தென்பட்டால் உடனே காட்ட வேண்டும்.

புதிய உறுப்பினர்

சிறுநீரக மாற்று செய்துகொண்ட என் தந்தைக்குக் கழுத்தில் கட்டி வந்திருக்கிறது. மேலே சொன்ன நோய்கள் அவருக்கும் பொருந்துமா?

குருதியியல் மருத்துவர்

அவருக்கு முதலில் நினைக்க வேண்டியது மாற்றுறுப்புக்குப் பின் வரும் நிணநீர்ப் பெருக்க நோய். எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்துகளால் எப்ஸ்டீன்–பார் வைரஸ் கட்டுப்பாடின்றிப் பெருகிப் பெரும்பாலும் இது உண்டாகிறது. காத்திருக்க வேண்டாம், மாற்று அறுவை செய்த குழுவை நாளையே பாருங்கள். அடக்கு மருந்தைக் குறைப்பது முதல் படி, தேவைப்பட்டால் ரிடுக்சிமேப். மருந்தை நீங்களாகக் குறைத்துவிடாதீர்கள், சிறுநீரகம் போய்விடும். தனி இழை தொடங்குங்கள், விரிவாக எழுதுகிறேன்.

தங்கைக்காக எழுதுபவர்

அறுவை முடிந்து நான்கு மாதங்கள் ஆயின. காய்ச்சல் அறுவைக்குப் பின் ஐந்தாவது வாரத்தில் நின்றது. கணுக்கள் ஒன்றைத் தவிர எல்லாம் கைக்குத் தட்டுப்படவில்லை. அதுவும் பயறளவுதான் இருக்கிறது. வெள்ளணுக்கள் 5,600. ஏ.என்.ஏ. எதிர்மறை, ஓராண்டில் மீண்டும் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். வளர்ப்புச் சோதனையிலும் காசநோய்க் கிருமி முளைக்கவில்லை என்ற கடைசி அறிக்கை சென்ற வாரம் வந்தது.

காசில்மேன் நோயாளி எழுதியதைப் படித்த பிறகு, ஆய்வகத்தில் விண்ணப்பம் கொடுத்து மெழுகுக் கட்டி ஒன்றையும் கண்ணாடித் தகடுகள் இரண்டையும் வாங்கினேன். கட்டியின் ஓரத்தில் தங்கையின் பதிவு எண் பென்சிலால் எழுதப்பட்டிருக்கிறது. வெயில் படாத அலமாரியில், அவளுடைய கோப்புக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.

நோய்க்குறியியல் மருத்துவர்

சரியாகச் செய்தீர்கள். தகடுகள் ஒன்றோடொன்று உரசாமல் நடுவே தாள் வையுங்கள். மெழுகு இளகாமல் இருக்க அறை குளிர்ச்சியாக இருக்கட்டும். அவள் எந்த மருத்துவரிடம் சென்றாலும் அறிக்கையின் நகலோடு, மெழுகுக் கட்டி வீட்டில் இருக்கிறது என்பதையும் சொல்லச் சொல்லுங்கள்.